பள்ளியிலிருந்து கல்லூரிக்குக் கூடவே வரும் சில தவறுகள்

முதலாண்டு பொறியியல் மாணவர்களுக்கு இயற்பியல் ஆய்வகம் எடுப்பது என் வேலை. ஒரு பிள்ளையிடம் பள்ளி எதை வளர்த்துவிட்டிருக்கிறது என்பது மதிப்பெண் பட்டியலில் அவ்வளவாகத் தெரியாது. ஆய்வகத்தில் அளவீடுகளை எழுதும் அப்சர்வேஷன் நோட்டைத் திறந்தால் தெரிந்துவிடும். இந்த ஆண்டும் புது பேட்ச் வந்திருக்கிறது, போன பேட்ச் செய்த அதே தவறுகளோடு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வகுப்பைக் கட் அடிக்காதே, கடைசி நாளில் படிக்காதே, போனைக் கீழே வை என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

விடையை வைத்துக்கொண்டு ரீடிங் எழுதுவது

எத்தனை ஆண்டு பார்த்தாலும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

முதல் செமஸ்டரில் நான்-யூனிஃபார்ம் பெண்டிங் என்று ஒரு சோதனை உண்டு. ஓர் உலோகப் பட்டையை இரண்டு கத்திமுனைகள் மேல் வைத்து, நடுவில் எடை தொங்கவிட்டு, அது எவ்வளவு வளைகிறது என்று டிராவலிங் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அந்த உலோகம் எவ்வளவு விறைப்பானது என்று காட்டும் யங் குணகத்தைக் கணக்கிட வேண்டும். 50 கிராம் 50 கிராமாக ஏற்றி ஒரு முறை, இறக்கி ஒரு முறை. ஒழுங்காகச் செய்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும்.

ஒரு மாணவன் கால் மணி நேரத்தில் நோட்டை நீட்டினான். அட்டவணை முழுக்க நிரம்பியிருந்தது, விடையும் அச்சடித்தாற்போல் சரியாக இருந்தது. மெயின் ஸ்கேல் ரீடிங் என்ற இடத்தில் 4.37 என்று எழுதியிருந்தான்.

"இந்த 4.37 எங்கே இருக்கு தம்பி? வந்து கொஞ்சம் காட்டு" என்றேன்.

அந்த ஸ்கேலில் ஒரு சென்டிமீட்டருக்கு 20 கோடுகள், அதாவது 0.05 சென்டிமீட்டருக்கு ஒன்று. 4.35-இல் ஒரு கோடு உண்டு, அடுத்தது 4.40. 4.37-இல் கோடே கிடையாது. அவன் குனிந்து லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "ஸ்கூல்ல இப்படித்தான் மேம். ஆன்சர் எவ்வளவு வரணும்னு சொல்லிடுவாங்க, நாங்க ரீடிங் செட் பண்ணிடுவோம்."

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த இருபதுக்கு இருபதும் அவன் வாங்கியிருக்கிறான். அவன் பள்ளிச் சுவரிலும் 'உண்மையே பேசு' என்று எழுதித்தான் இருந்திருக்கும். ஆனால் எதற்கு மதிப்பெண் கிடைக்கிறதோ அதைத்தான் பிள்ளைகள் மதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். விடை சரியாக இருந்தால் போதும், அது எப்படி வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்பதை அந்த இருபது மதிப்பெண் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

இதனால் என்ன நஷ்டம்? ஏற்றும்போது வந்த ரீடிங்கும் இறக்கும்போது வந்த ரீடிங்கும் அப்படியே பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று தேடினால், பட்டை கத்திமுனையில் நகர்ந்திருக்கும், அல்லது திருகை முன்னும் பின்னுமாகத் திருப்பியிருப்பார்கள். இதைக் கண்டுபிடிப்பதுதான் அந்தச் சோதனையின் படிப்பே. முதல் வரிசையைப் பார்த்து இரண்டாவது வரிசையை எழுதியவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

கல்லூரியோடு இது நிற்பதும் இல்லை. என் பழைய மாணவர் ஒருவர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் சேர்ந்தார். வரும் ஷாஃப்டுகளின் விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு நாள் ஷிஃப்ட் முழுவதும் 25.02, 25.01, 25.02 என்று எழுதியிருக்கிறார். அந்த மைக்ரோமீட்டர், சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் கேலிபரேஷனுக்கு அன்று காலையிலேயே போயிருந்தது. தணிக்கைக்கு வந்தவர் கேலிபரேஷன் பதிவேட்டையும் இவர் எழுதிய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வேலை போய்விட்டது. அந்தப் பிள்ளைக்குத் திறமை இல்லாமல் இல்லை, சோம்பேறியும் இல்லை. எண்களை இட்டு நிரப்புவது தப்பு என்றே அவருக்குத் தோன்றவில்லை.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு யான் ஹென்ட்ரிக் ஷோன் கதையைச் சொல்வேன். அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் இருந்த இளம் இயற்பியலாளர், நோபல் பரிசு வாங்கிவிடுவார் என்று பேசப்பட்டவர். வெவ்வேறு சோதனைகள் என்று அவர் வெளியிட்ட வரைபடங்களில், தற்செயலாக வர வேண்டிய சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பதை மற்ற ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 2002-இல் விசாரணை நடந்து வேலை போனது. 2004-இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம் கொடுத்த முனைவர் பட்டத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டது. 4.37-ஐ நான் பிடித்ததும் அவரைப் பிடித்ததும் கிட்டத்தட்ட ஒரே வழியில்தான்: உண்மையான கருவியில் அப்படி வர முடியாது.

நம் ஊரிலும் விதிகள் கடுமைதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, ஆய்வேட்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் அடுத்தவர் எழுத்தோடு ஒத்துப்போனால் திருத்தித் தர வேண்டும். 60-ஐத் தாண்டினால் படிப்பின் பதிவே ரத்து. அசைன்மென்டை வாட்ஸ்அப்பில் வாங்கி அப்படியே எழுதும் முதலாண்டுப் பிள்ளைக்கு இது எங்கோ தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். கை பழகுவது இப்போதுதான்.

இதற்கு நேர்மாறாக ஒரு பெண்ணைச் சொல்கிறேன். சின்ன ஊர் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவள். அதே சோதனை, அவளுடையது இரும்புப் பட்டை. யங் குணகம் சுமார் 20 × 10¹⁰ N/m² வர வேண்டிய இடத்தில் 15 × 10¹⁰ வந்தது. சுற்றி இருந்த எல்லோரும் 19.8, 20.1 என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இவள் மட்டும் 15-ஐ எடுத்துக்கொண்டு வந்து, "எங்கே தப்புன்னு தெரியலை மேம்" என்றாள். இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பட்டையின் தடிமனை ஸ்க்ரூ காஜில் 0.88 மில்லிமீட்டர் என்று அளந்திருந்தாள். கருவியின் பூஜ்யப் பிழை, அதாவது நடுவில் எதையும் வைக்காதபோதே அது காட்டுவது, 0.08. அதைக் கழிக்க மறந்துவிட்டாள். சூத்திரத்தில் தடிமன் மூன்றாம் அடுக்கில் வருகிறது. பத்து விழுக்காடு பிசகினால் விடை மூன்றில் ஒரு பங்கு வரை ஆட்டம் காணும். 0.80 போட்டதும் 20 வந்தது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அவள் பள்ளியில் கருவி ஒரே ஒரு செட்தானாம். "சார் ஆன்சர் சொல்ல மாட்டார் மேம். தப்பா வந்தா ஏன்னு கேட்பார், அதை எழுதினா மார்க் போடுவார்." பெரிய கட்டடமும் ஸ்மார்ட் போர்டும் உள்ள பள்ளிகள் பலவற்றில் கிடைக்காத ஒன்றை அந்த ஆசிரியர் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவரை நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆகவே: ரீடிங்கைக் கருவிக்கு முன்னால் நின்று, பேனாவால், நேராக அப்சர்வேஷன் நோட்டில் எழுதுங்கள். தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடியுங்கள், கீழே உள்ளது தெரியட்டும். விடை கோணலாக வந்தால் அதையே ஆசிரியரிடம் காட்டுங்கள். சிலர் திட்டுவார்கள். பரவாயில்லை, காட்டுங்கள்.

வாயை மூடிக்கொண்டிருப்பதை ஒழுக்கம் என்று நினைப்பது

கையைக் கட்டி, வாயைப் பொத்தி உட்கார்ந்தவர்களுக்குத்தான் பள்ளியில் நல்ல பிள்ளை என்று பெயர். கல்லூரியில் அறுபது பேர் இருக்கும் வகுப்பில் அப்படி உட்கார்ந்தால் உங்களுக்குப் புரியவில்லை என்பதே எங்களுக்குத் தெரியாது. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் வந்தபின், நல்ல மூளையுள்ள பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். பாடம் புரியாமல் இல்லை, ஆங்கிலத்தில் கேட்கத் தயங்கியே பின் வரிசைக்குப் போய்விடுகிறார்கள். தமிழிலேயே கேளுங்கள். வகுப்பில் கூச்சமாக இருந்தால் ஸ்டாஃப் ரூமுக்கு வாருங்கள், இரண்டு பேராகவாவது வாருங்கள். முதல் மாதத்தில் வந்து கேட்ட பிள்ளைகள் அந்த செமஸ்டரில் தடுமாறி நான் அதிகம் பார்த்ததில்லை.

பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதித்து வருவது

மதிப்பெண் வராத பாடம் பாடமே இல்லை என்று பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தின. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது; 2025-26 முதல் அது இல்லை. ஆனாலும் அந்த மனப்பாங்கு போகவில்லை. திசையன், விசை, முறுக்கம், மீட்சியியல் எல்லாம் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. மேலே சொன்ன பெண்டிங் சோதனையின் அடிப்படையே அதில்தான். விட்டிருந்தால் சேர்க்கைக்கும் வகுப்பு தொடங்குவதற்கும் நடுவே உள்ள வாரங்களில் எடுத்துப் படியுங்கள். பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசம்.

வகுப்புக்கு வராத நண்பனுக்காக வருகை சொல்லி ப்ராக்ஸி கொடுப்பது

வேண்டாம்.

யாராவது எழுப்பிவிடுவார்கள் என்று காத்திருப்பது

விடியற்காலை மணியடித்து எழுப்பி, ராத்திரிவரை ஸ்டடியில் உட்கார வைத்த விடுதிப் பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள் முதல் செமஸ்டரில் சறுக்குவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இங்கே மணி அடிக்க மாட்டார்கள். எந்த நேரத்தில் எதைப் படிப்பது என்று முதல் வாரத்திலேயே நீங்களே எழுதி வையுங்கள்.

அரியரை வீட்டில் மறைப்பது

பள்ளியில் எப்போதும் முதல் மூன்று ரேங்கில் இருந்தவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள். மதிப்பெண்தான் மரியாதை என்று வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பாடம் போனால் உலகமே போனது போலத் தோன்றும். ரிசல்ட் வந்த அன்றே சொல்லிவிடுங்கள். அப்பாவிடம் பயமென்றால் அம்மாவிடம், இல்லையென்றால் அக்காவிடம். விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கக் கொஞ்ச நாள்தான் கொடுப்பார்கள், பணமும் கட்ட வேண்டும். மறைத்தவர்கள் அந்தத் தேதியைத் தவறவிட்ட பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். நகல் வந்ததும் அந்தப் பாட ஆசிரியரிடம் கொண்டுபோய், மதிப்பெண் கூட வாய்ப்பிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அப்புறம் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள்.