பழைய கார் கிளப் பேட்ஜுக்கு நகல் வார்க்கும் முன்

பழைய பித்தளை பேட்ஜையே மாதிரியாக வைத்து நகல் வார்க்கக் கொடுக்கிறீர்களா? முதலில் அதன் ஸ்க்ரூ துளைகளை மெழுகால் அடைத்துவிடுங்கள். நகல் வந்த பிறகு, காரில் உள்ள துளைகளைக் காகிதத்தில் பதித்து, அதன்படி துளை போடுங்கள். உருகிய பித்தளை ஆறும்போது ஏறத்தாழ 1.5 சதவீதம் சுருங்கும். 10 செ.மீ. பேட்ஜில் அது 1.5 மி.மீ.; துளையோடு வார்த்தால் ஒரு ஸ்க்ரூ ஏறும், அடுத்தது ஏறாது. அப்புறம் துளையை ராவிப் பெரிதாக்கினால் பார்க்கவே அசிங்கம்.

ஸ்க்ரூவும் பித்தளையிலேயே இருக்கட்டும். குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக் காற்றில் இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்து பேட்ஜ் மேல் கறையாக வழியும்.

மெல்லிய தகட்டில் அடித்தெடுத்த பேட்ஜுக்கு இது சரிப்படாது. எனாமல் பேட்ஜை வார்ப்புப் பட்டறைக்கே கொண்டுபோகாதீர்கள். அச்சு எடுக்க மணலில் அழுத்தும்போது எனாமல் பெயர்ந்துவிடலாம்.