பிள்ளைகளோடு முதல் கப்பல் பயணம்: பணம் கட்டிய பிறகு திருத்த முடியாத தவறுகள்

ஆண்டுத் தேர்வு முடியும் சமயத்தில், சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சுற்றுலாக் கப்பலில் குடும்பத்தோடு போகப்போவதாகச் சொல்லி, பதிவுச் சீட்டை என்னிடம் காட்டி "எல்லாம் சரியாக இருக்கிறதா பாருங்கள்" என்று கேட்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருகிறார்கள். மலேசியாவின் பினாங்கு, போர்ட் கிளாங், தாய்லாந்தின் புக்கெட் போன்ற துறைமுகங்களில் ஒன்றையோ இரண்டையோ தொட்டுவிட்டு மூன்று நான்கு இரவுகளில் சிங்கப்பூருக்கே திரும்பும் பயணம்தான் பெரும்பாலும். பத்தாவது படிக்கும் மகள், எட்டாவது படிக்கும் மகன், எல்.கே.ஜி. போகும் கடைக்குட்டி என்று மூன்று வயதினர் இருக்கும் வீடுகளின் சீட்டுகளில், முதன்முறை போகிறவர்கள் எல்லோரும் செய்யும் அதே தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். குமட்டலுக்கு மாத்திரை, வெயிலுக்குத் தொப்பி போன்றவற்றை வீட்டுப் பெரியவர்களே நினைவுபடுத்திவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சின்னக் குழந்தைதானே, பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது

இந்த ஒரு தவறைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஏனென்றால் இதைக் குடும்பங்கள் தாமாகச் செய்வதைவிட, விவரம் தெரிந்திருக்க வேண்டிய பயண முகவர்கள் சொல்லிச் செய்வதே அதிகம்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் கணவன், மனைவி, பதினாறு வயது மகன், பதின்மூன்று வயது மகள், மூன்றரை வயதுச் சின்னவள் என ஐந்து பேர். முகவர் அவர்களுக்கு இரண்டு பேர் தங்கும் அறைகள் இரண்டை அடுத்தடுத்துப் பதிவு செய்து கொடுத்தார். அப்பாவும் மகனும் ஓர் அறை, அம்மாவும் மகளும் ஓர் அறை. சின்னவளைப் பற்றிக் கேட்டதற்கு, "அம்மாவோடு படுத்துக்கொள்ளப் போகிற குழந்தைக்கு இப்போதே எதற்குக் கட்டணம், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் பெயரைச் சேர்த்துவிடலாம்" என்றார். நம் ஊர் ரயிலில் ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. விமானத்தில் இரண்டு வயதுக்குள் இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தில் அவர்களுக்கும் இது நியாயமாகவே பட்டிருக்கிறது. சேர்க்கச் சொல்லிக் கேட்டபோது, அந்த அறையில் மூன்றாவது ஆளைச் சேர்க்க முடியாது என்று கப்பல் நிறுவனம் மறுத்துவிட்டது. முழுத் தொகை கட்டும் கடைசித் தேதி கடந்திருந்ததால் ரத்து செய்தாலும் பெரும்பகுதி போய்விடும். மூவர் தங்கும் அறை ஒன்று வேறு தளத்தில், கப்பலின் மறுகோடியில் மட்டுமே மிச்சமிருந்தது. அன்றைய விலையில் வித்தியாசத்தைக் கட்டி, அம்மாவும் இரண்டு பெண்பிள்ளைகளும் அங்கே மாறினார்கள். சின்னவள் இரவில் அண்ணனைக் கேட்டு அழும்போதெல்லாம் அந்த அம்மா நீண்ட நடைவழியில் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். காசு கொடுத்துப் போன இரவு நிகழ்ச்சி ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை.

கப்பல் நிறுவனம் பிடிவாதத்தால் மறுப்பதில்லை. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது அதில் இருந்தவர்கள் எல்லோருக்கும் போதுமான உயிர்காப்புப் படகுகள் இல்லை. அந்த விபத்தின் விளைவாக 1914இல் உருவானதுதான் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை. சோலாஸ் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கும் அதன்படி, கப்பலில் இருக்கும் ஒவ்வோர் உயிருக்கும் காப்புச் சாதனத்தில் இடம் இருந்தாக வேண்டும். ஒவ்வோர் அறையும், ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய குறிப்பிட்ட ஓர் இடத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அந்த இடத்துக்குரிய படகுகளில் இடம் நிரம்பிவிட்டால், உங்கள் அறையில் மடக்கிவைத்த மேல்கட்டில் சும்மா இருந்தாலும்கூட இன்னொருவரைச் சேர்க்க மாட்டார்கள். கைக்குழந்தையும் அந்தக் கணக்கில் ஓர் ஆள்தான். துறைமுகக் கட்டணமும், பல நிறுவனங்களில் பணியாளர்களுக்கான தினசரி அன்பளிப்புத் தொகையும் குழந்தைக்கும் சேர்த்தே வரும்.

ஆகவே, ஐந்து பேர் என்றால் முதல்முறை விலை கேட்கும்போதே ஐந்து பேரின் பிறந்த தேதிகளையும் கொடுத்துவிடுங்கள். இது செலவைக் கூட்டும் என்று பயப்பட வேண்டியதில்லை. கப்பல் கட்டணம் அறைக்கு இரண்டு பேர் என்ற அடிப்படையில் போடப்படுவது. அதே அறையில் தங்கும் மூன்றாம், நான்காம் ஆளுக்குப் பெரும்பாலும் குறைந்த கட்டணமே. முகவர் தயங்கினால், ஐந்து பேரின் பெயரும் பதிவில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தராதவரிடம் பணம் கட்டாதீர்கள்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. "அடுத்தடுத்த அறைகள்" என்றால் பக்கத்துப் பக்கத்துக் கதவுகள், அவ்வளவுதான். உள்ளே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் கதவு வேண்டுமென்றால் "இணைப்பு அறைகள்" என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும், அவை எண்ணிக்கையில் குறைவு என்பதால் முதலில் தீர்ந்துபோகும். அறை எண் சொல்லாமல், பிறகு நாங்களே ஒதுக்குகிறோம் என்று மலிவாகத் தரும் அறைகள், இரண்டு பேர் மட்டும் போகும்போது நல்ல பேரம். பிள்ளைகளோடு இரண்டு அறை எடுப்பவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. பால்கனி அறை எடுத்தால், நாற்காலியைக் கம்பி ஓரத்திலிருந்து தள்ளி வைத்து, வெளியே யாரும் இல்லாதபோதெல்லாம் கதவைப் பூட்டிவிடுங்கள். நான் பெரும்பாலும் சொல்லும் ஏற்பாடு இதுதான்: பெற்றோருக்கும் சின்னக் குழந்தைக்கும் பால்கனி அறை, நடைவழியின் எதிர்ப்புறத்தில் பெரிய பிள்ளைகளுக்கு ஜன்னல் இல்லாத உள்ளறை. ஒவ்வோர் அறைக்கும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று நிறுவனம் கேட்டால், தாளில் அப்படியே பிரித்துப் பதிவு செய்துவிட்டு, ஏறிய பிறகு வரவேற்பு மேசையில் கூடுதல் சாவி அட்டை கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அப்பாவின் பாஸ்போர்ட்டை மட்டும் பார்ப்பது

பெரியவர்களின் இந்திய பாஸ்போர்ட் பத்து ஆண்டு செல்லும்; பிள்ளைகளுடையது பொதுவாக ஐந்து ஆண்டுதான், அதற்குள் பதினெட்டு வயது நிறைந்தால் அதோடு சரி. பதினைந்து வயதுக்கு மேல் பத்து ஆண்டுக்கு எடுக்கும் வசதி இருந்தாலும் பலர் எடுப்பதில்லை. சிங்கப்பூருக்குள் நுழைய ஆறு மாதம் செல்லுபடியாகும் காலம் மீதி இருக்க வேண்டும். நான்கரை ஆண்டுக்கு முன் வெளிநாட்டுத் தாத்தா வீட்டுக்குப் போகையில் எடுத்த மகளின் பாஸ்போர்ட்டை, கடைசி வாரத்தில் எடுத்துப் பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

பெயரும் நமக்குத் தனிச் சிக்கல். அப்பாவின் பெயர் ஒருவருக்குக் குடும்பப்பெயராகவும், இன்னொருவருக்கு வெறும் இனிஷியலாகவும், மற்றொருவருக்கு அந்த இடமே காலியாகவும் அச்சாகியிருக்கும். கப்பல், விமானம், விசா மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அம்மா மட்டும் பிள்ளைகளை அழைத்துப் போவதாக இருந்தால், பிறப்புச் சான்றிதழ் நகலும் அப்பாவின் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

சிங்கப்பூரிலிருந்து கப்பலேறித் திரும்பி வருவது மறுபடி ஒரு நுழைவு. உங்கள் விசா ஒருமுறை நுழைவுக்கானதா, பலமுறைக்கானதா என்று பாருங்கள். இணையத்தில் நிரப்பும் சிங்கப்பூர் வருகை அட்டையையும் திரும்பி வரும்போது மறுபடி நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அதை நிரப்ப முடியும் என்பதால், கப்பலில் இணைய வசதி வாங்கியிருக்கிறீர்களா என்பதையும் யோசியுங்கள்.

கப்பல் ஏறும் நாளிலேயே சிங்கப்பூரில் இறங்குவது

வேண்டாம். முந்தைய நாளே போய்ச் சேருங்கள்.

எந்த முனையம் என்று பார்க்காமல் டாக்சி ஏறுவது

மரினா பே குரூஸ் சென்டர் வேறு, ஹார்பர்ஃபிரண்ட்டில் இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர் வேறு.

மூன்று பிள்ளைகளையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம் என்று திட்டமிடுவது

பெரியவள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வாள், நாம் இருவரும் நிம்மதியாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு ஏறும் பெற்றோரைப் பார்த்தால், அந்தப் பெரிய பெண்ணை நினைத்து வருத்தப்படுகிறேன். அவளுக்கும் இது விடுமுறைதான். கப்பல்கள் பிள்ளைகளை வயதுவாரியாகப் பிரித்தே வைத்திருக்கின்றன. எடுத்துக்காட்டாக, ராயல் கரீபியன் கப்பல்களில் 3 முதல் 11 வயது வரை சிறுவர் மன்றம், 12 முதல் 17 வரை பதின்வயதினருக்குத் தனி இடம். பதினொன்றரை வயதுப் பையனைப் பதின்மூன்று வயது அக்காவோடு அனுப்ப விட மாட்டார்கள். பயணத் தேதியைப் பிறந்தநாளுக்கு முன் வைப்பதா பின் வைப்பதா என்று யோசிப்பதுகூட அந்தப் பையனுக்குப் பெரிய வித்தியாசமாக இருக்கும்.

சின்னக் குழந்தை மூன்று வயதைத் தாண்டியிருந்தாலும், கழிப்பறைப் பழக்கம் முழுமையாக வந்திருந்தால்தான் மன்றத்தில் பெற்றோர் இல்லாமல் விட முடியும். டயபர் போட்ட குழந்தையைப் பெரிய நீச்சல்குளத்தில் இறக்க மாட்டார்கள். நீச்சலுக்கென்றே விற்கும் டயபரும் அங்கே செல்லாது. அதற்கென்று தனித் தண்ணீர் விளையாட்டிடம் உள்ள கப்பலா என்பதைப் பதிவுக்கு முன்பே கேளுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தையைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை.

பதின்வயதினருக்கு முதல் நாள் இரவு முக்கியம். அன்று மாலை நடக்கும் அறிமுகக் கூட்டத்துக்குப் போனவர்கள் நட்பு பிடித்துக்கொள்கிறார்கள். அன்று போகாதவர்கள், ஏற்கெனவே கூடிவிட்ட கும்பலுக்குள் நுழையக் கூச்சப்பட்டு அறையிலேயே கிடக்கிறார்கள். குடும்பத்தோடு இரவு உணவு என்று அன்றைக்கு அவர்களைக் கட்டிப்போடாதீர்கள்.

அட்டையையும் கைபேசியையும் கொடுத்துவிட்டு மறந்துபோவது

கப்பலில் எல்லாச் செலவும் சாவி அட்டையில்தான். வீடியோ விளையாட்டு அறையில் அதைத் தேய்த்துத் தேய்த்து விளையாடும் பையனுக்குக் கையில் காசு குறைவது தெரியாது. கடைசி நாள் கணக்கில்தான் தெரியும். ஏறியதும் வரவேற்பு மேசைக்குப் போய், பிள்ளைகளின் அட்டையில் செலவை நிறுத்தவோ வரம்பு வைக்கவோ சொல்லுங்கள்.

கரை மறைந்ததும் கைபேசி தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும். சிங்கப்பூர், மலேசியாவுக்கென்று நீங்கள் வாங்கிய ரோமிங் திட்டம் அங்கே பொதுவாகச் செல்லாது. கப்பல் கிளம்புமுன் எல்லாக் கைபேசிகளையும் விமானப் பயன்முறைக்கு மாற்றி, வைஃபையை மட்டும் திறந்து வையுங்கள்.

மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, கட்டிய புளியோதரை

எடுத்துப் போகாதீர்கள், வாங்கி வைத்துக்கொள்வார்கள். சைவ உணவையும் ஒவ்வாமையையும் பதிவின்போதே எழுதிக் கொடுங்கள்.

கரையில் கடிகாரத்தை நம்புவது

சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ஒரே நேரம். புக்கெட் ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் பெரும்பாலும் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கும், பிள்ளைகளின் கைபேசியோ கரையில் கால் வைத்ததும் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். ஐந்து மணிக்குள் ஏற வேண்டுமென்றால், கைபேசியில் நான்கு காட்டும்போதே கெடு முடிந்துவிட்டது. அன்றைய நிகழ்ச்சித் தாளில் எந்த நேரம் என்று எழுதியிருக்கும். பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்து ஒருவர் கட்டிக்கொள்வது எல்லாவற்றையும்விட நல்லது. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாத்தோங் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்குவது வழக்கம். தூங்கும் குழந்தையையும் தள்ளுவண்டியையும் ஆடும் படகில் ஏற்றி இறக்க வேண்டும், திரும்பும் படகுக்கு வரிசையும் நிற்கும்; அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

போர்ட் கிளாங்கில் இறங்கியதும் பத்துமலை முருகனைப் பார்த்துவிட வேண்டும் என்று நம்மவர்கள் துடிப்பது இயல்புதான். ஆனால் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய், 272 படி ஏறி இறங்கி, மறுபடி அதே நெரிசலில் திரும்ப வேண்டும். நான்கு வயதுக் குழந்தையோடு போவதானால் தனி வண்டியில் போகாமல் கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போங்கள். அந்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும் அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. பினாங்கில் இந்தக் கவலையே இல்லை. சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கி நடந்தே லிட்டில் இந்தியாவுக்குப் போய், குயின் தெருவின் மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு, அங்கேயே பிள்ளைகளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிடலாம். முதல் பயணத்துக்குத் துறைமுகம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பினாங்கைத்தான் சொல்வேன்.

இறங்கும் நாள் காலையில் விமானம் போடுவது

பெட்டிகளை முந்தைய இரவே அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். மறுநாளுக்கான உடை, குழந்தையின் பால்புட்டி, மருந்து, எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கைப்பையில் தங்க வேண்டும். குடிநுழைவு வரிசை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. சாங்கி விமான நிலையத்திலிருந்து மதியம் இரண்டு மணிக்கு முன்னால் கிளம்பும் எந்த விமானத்தையும் எடுக்காதீர்கள். மாலை விமானம் என்றால் இன்னும் நல்லது.