சாப்பாடு, ஸ்பா, சாமான் வாங்கல்: வரிசை மாறினால் வரும் வினை

மதியம் வெளியே சாப்பாடு, அங்கிருந்து நேராக ஸ்பா, திரும்பும் வழியில் வாரத்துக்கு வேண்டிய உணவுப் பொருட்கள். சனிக்கிழமைத் திட்டம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மறுநாள் வயிறு சரியில்லை, உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடக்கிறது என்றால் பழி ஓட்டல்காரர்மேல் விழும். பல நேரங்களில் கோளாறு, எதை எதற்குப் பின்னால் வைத்தோம் என்பதில்தான்.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மசாஜ் மேசையில் குப்புறப் படுப்பது முதல் தவறு. நெஞ்செரிச்சல் வர வாய்ப்பு அதிகம். நீராவி அறையும், உலர்ந்த சூட்டில் உட்காரும் சானாவும் இன்னும் மோசம். சாப்பிட்டதும் செரிமானத்துக்காகக் குடல் பக்கம் ரத்த ஓட்டம் கூடும். சூட்டில் உட்கார்ந்தால் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் நிறைய ரத்தம் போக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். அதைவிட எளிது, ஸ்பாவை முதலில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போவது. அதற்காகப் பட்டினியோடு வெந்நீர்த் தொட்டியில் இறங்கவும் வேண்டாம். முன்கூட்டியே ஒரு பழம் போதும்.

மது அருந்தினால் அன்றைக்கு சானா இல்லை, அவ்வளவுதான். அந்த அறையின் சூடு பொதுவாக 70 முதல் 100 டிகிரி செல்சியஸ். மது ரத்தக் குழாய்களைத் தளர்த்தும், நீரிழப்பைக் கூட்டும், ‘போதும், எழுந்து போ’ என்று உடம்பு சொல்வதையும் காதில் விழாமல் செய்யும். வரவேற்பிலேயே கிளாஸை நீட்டும் ஸ்பாக்களும் உண்டு. நீட்டினால் வாங்கியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

அங்கே தரும் உடல்நலப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று போட்டுத் தள்ளுவதும் ஆபத்து. கர்ப்பம், ரத்த அழுத்த மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து ஆகியவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காலில் ரத்தக்கட்டி இருக்கும்போது அழுத்திப் பிசைந்தால் அது பெயர்ந்து நுரையீரல்வரை போகக்கூடும். சுருக்கத்துக்கோ பருவுக்கோ ரெட்டினால் கிரீம் பூசுபவர்களுக்கு, மெழுகு வைத்து முடி நீக்கும் வாக்ஸிங்கில் மேல்தோலும் சேர்ந்து உரிந்து வரலாம். மசாஜின்போது வலித்தால், வலித்தால்தான் பலன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்காமல் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம்விட அதிகம் பேர் செய்வது, மீந்த சாப்பாட்டைக் கட்டி வாங்கிக் காரில் வைத்துவிட்டு ஸ்பாவுக்குள் நுழைவது. 5 முதல் 60 டிகிரிக்குள் இருக்கும் சமைத்த உணவில் பாக்டீரியா மளமளவென்று பெருகும். அது வெளியில் இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்லப்படும் நேரம் இரண்டு மணி. சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணிதான். வெயிலில் நிறுத்திய காருக்குள் இந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும். பொட்டலம் கட்டிய நேரத்திலிருந்து கணக்குப் போடாதீர்கள். தட்டு மேசைக்கு வந்ததிலிருந்தே கடிகாரம் ஓடுகிறது. வீட்டில் நன்றாகச் சூடாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பதும் தப்புக்கணக்கு. சில பாக்டீரியா விட்டுச் செல்லும் நச்சு கொதிக்க வைத்தாலும் அழியாது.

இதே காரணத்தால்தான் கடை கடைசியில் வர வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போவதால் பசியில் கண்டதையும் கூடையில் அள்ளிப் போடும் தொல்லையும் குறையும். கடைக்குள்ளும் உலர்ந்த பொருட்களை முதலில் எடுங்கள். பால், இறைச்சி, உறைந்தவை பணம் கட்டுவதற்குச் சற்று முன்னால். பச்சை இறைச்சிக்குத் தனிப் பை. இல்லையென்றால் அதன் நீர் கசிந்து பழத்தில் இறங்கும். பிறகு வேறெங்கும் நிற்காமல் வீடு. குளிர்பெட்டி 5 டிகிரிக்குள், உறைபெட்டி மைனஸ் 18-இல் இருக்கட்டும்.

தள்ளுபடியைப் பார்த்து இரட்டிப்பாக வாங்குபவர்கள் மறந்துபோவது ஒன்று உண்டு: ஞாயிற்றுக்கிழமையும் வெளியில்தான் சாப்பாடு. சனிக்கிழமை வாங்கிய மீனும் கோழியும் அதுவரை சும்மா கிடக்கும். பச்சையாகக் குளிர்பெட்டியில் அவற்றுக்கு ஒன்றிரண்டு நாள்தான் ஆயுள். வாங்கிய அன்றே உறைய வையுங்கள், அல்லது ஞாயிறு மாலை வாங்கிக்கொள்ளுங்கள்.