நாய்க்குட்டியை வீட்டிலேயே பழக்குவது எப்படி: எட்டாவது வாரம் முதல் ஓராண்டு வரை

மேற்கு மாம்பலத்தில், இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டிற்குப் பூந்தி என்ற நாட்டு நாய்க்குட்டி வந்த முதல் வாரத்தில், நான் அதனிடம் "உட்கார்" என்றேன், என் மகன் "சிட்" என்றான், அம்மாவோ "உட்காரும்மா, என் தங்கம்ல" என்று கொஞ்சினார். மூன்றும் ஒன்றுதான் என்பது நமக்குத் தெரியும். குட்டிக்கோ அவை தொடர்பில்லாத மூன்று ஒலிகள். ஆகவே குட்டியைப் பழக்குவதற்கு முன்பு வீட்டிலுள்ளவர்கள் பழக வேண்டும். ஒரு தாளில் "வா, உட்கார், இரு, விடு, வேண்டாம்" என்ற ஐந்து சொற்களை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். தமிழா ஆங்கிலமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் வீட்டு வேலைக்கு வரும் அக்கா உட்பட எல்லோரும் அதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ளுங்கள். ஒரு செயலைச் செய்த ஓரிரு விநாடிக்குள் என்ன கிடைக்கிறதோ, அதைத்தான் குட்டி அந்தச் செயலோடு சேர்த்துப் பார்க்கும். காலையில் நனைத்த மிதியடியைச் சாயங்காலம் காட்டித் திட்டினால், அது காதை மடக்கிக்கொண்டு தலைகுனிவதைக் கண்டு "தப்பு செய்தது அதற்கே தெரிகிறது" என்று நாம் நினைப்போம். உண்மையில் அது உங்கள் குரலுக்குத்தான் பயப்படுகிறது. மிதியடிக்கும் அந்தக் குரலுக்கும் உள்ள தொடர்பு அதற்குத் தெரியாது.

வீட்டிற்கு வரும் முன்

எட்டு வாரம் நிறைவதற்கு முன்பு குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. உடன்பிறந்த குட்டிகளோடு உருண்டு விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதை அது கற்றுக்கொள்கிறது. ஐந்தாவது வாரத்திலேயே விற்கப்படும் குட்டிகளுக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. கூடத்தின் ஒரு மூலையில், ஆள் நடமாட்டம் கண்ணில் படும்படி, கம்பித் தடுப்பு வைத்து அதற்கென ஓர் இடம் ஒதுக்குங்கள். தரையோடு ஓடும் மின்கம்பிகளை மேலே தூக்கிக் கட்டுங்கள். சாக்லேட், வெங்காயம், திராட்சை, பாயசத்துக்கு வாங்கி வைத்த உலர்திராட்சை ஆகியவை நாய்களுக்கு நஞ்சு என்பதால், அவை கீழே சிந்தினால் உடனே பொறுக்கிவிட வேண்டும்.

சிறுநீர், மலம்: முதல் இரண்டு மாதம்

பெரும்பாலோர் சலித்துப்போவது இந்தக் கட்டத்தில்தான். இரண்டு மாதக் குட்டியால் விழித்திருக்கும்போது ஒரு மணி நேரம்கூட அடக்க முடியாது. தூங்கும்போது இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். எனவே தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட 10 அல்லது 15 நிமிடத்தில், விளையாடி முடித்தவுடன், இரவு படுக்கும் முன் என ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கிக்கொண்டு ஒரே இடத்திற்குப் போக வேண்டும். தனி வீடாக இருந்தால் தோட்டத்து மண் போதும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு, தடுப்பூசிகள் முடியும் வரை, பால்கனியில் பழைய செய்தித்தாள் விரித்த ஒரு தட்டு நல்லது. லிப்ட் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும்.

குட்டி என்ன சொல்கிறது என்பதைக் கவனிக்கப் பழகுங்கள். பூந்தி ஓடிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று நிற்கும். மூக்கைத் தரையில் ஒட்டி, சிறிய வட்டமாக ஒருமுறை, மறுமுறை சுற்றும். பின்கால்கள் லேசாக அகலும். அந்த இரண்டாவது சுற்றுக்குள் தூக்கினால் தப்பித்தோம், மூன்றாவது சுற்றுக்கு மாப்பைத் தேட வேண்டியதுதான். சரியான இடத்தில் போனவுடன், அங்கேயே நின்று, மென்மையாகப் பாராட்டி, வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைக் கடுகளவு பிய்த்துக் கொடுங்கள். வீட்டிற்குள் திரும்பிய பிறகு கொடுத்தால், வீட்டிற்குள் வந்ததற்கான பரிசாகவே அது எடுத்துக்கொள்ளும்.

தவறான இடத்தில் போய்விட்டால், பேசாமல் துடைத்துவிடுங்கள். அந்த வாடை மிஞ்சினால் குட்டி மீண்டும் அங்கேயே போகும். நம் வீடுகளில் வழக்கமாகக் கை போகும் ஃபினாயிலை நாய் நக்கும் தரையில் ஊற்றக் கூடாது. வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்தாலே போதுமானது. மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கும் பழைய வழக்கத்தால், குட்டி நம் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போகக் கற்றுக்கொள்வதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

கடி

நாய்க்குட்டிக்கு 28 பால்பற்கள், ஊசி போன்றவை. ஏறத்தாழ நான்காவது மாதத்திலிருந்து அவை விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்திற்குள் 42 நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். அதுவரை ஈறு ஊறிக்கொண்டே இருக்கும் என்பதால், அது எதையாவது கடித்தே தீரும்; கடிக்காமல் தடுப்பது நம் வேலையன்று, எதைக் கடிக்கலாம் என்று காட்டுவதே வேலை. கைவிரலைக் கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், அது விளையாட்டாகிவிடும். அசையாமல் நிறுத்தி, "விடு" என்று ஒருமுறை சொல்லி, ரப்பர் பொம்மையையோ, முடிச்சிட்டு நனைத்து ஃப்ரீசரில் வைத்த பருத்தித் துணியையோ வாயருகே கொண்டுபோங்கள். அதைக் கவ்வினால் பாராட்டு. மறுபடியும் கைக்கே வந்தால், எழுந்து அரை நிமிடம் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.

சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குப் பிசாசு பிடித்ததுபோல் ஓடி, கடிக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் தூக்கம்தான் போதவில்லை. நாளொன்றுக்கு 18 மணி நேரம் வரை அது தூங்க வேண்டும். தடுப்புக்குள் விட்டு விளக்கைக் குறைத்தால் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். விளையாட்டாகவே ஆனாலும் பல் பட்டு ரத்தம் வந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெறிநோய் விஷயத்தில் "சின்னக் குட்டிதானே" என்ற பேச்சுக்கு இடமில்லை.

உட்கார், வா

"உட்கார்" என்பதைக் கற்பிக்க ஐந்து நிமிடம் போதும். தின்பண்டத்தை மூக்கருகே பிடித்து, மெல்லத் தலைக்கு மேலாகப் பின்புறம் நகர்த்துங்கள். பார்வை மேலே போகும்போது பின்பகுதி தானாகவே தரையைத் தொடும். தொட்ட அந்த நொடியில் கொடுங்கள். நான்கைந்து முறை ஆன பிறகு சொல்லைச் சேர்க்கலாம். முதுகை அழுத்தி உட்காரவைக்க வேண்டாம்.

"வா" என்பதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும், ஏனென்றால் கயிறு அறுந்து தெருவில் ஓடும் நாயைக் காப்பாற்றப் போவது அந்த ஒரு சொல்தான். கூடத்தின் இரு முனைகளில் இருவர் உட்கார்ந்து மாறி மாறி அழைத்து, வரும்போதெல்லாம் கொடுங்கள். குளிப்பாட்டவோ, காதில் மருந்து விடவோ, திட்டவோ ஒருபோதும் "வா" என்று அழைக்காதீர்கள். அதற்கெல்லாம் நீங்களே எழுந்து போய்த் தூக்கி வாருங்கள்.

இங்கே அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பாவம், பார்த்துக்கிட்டே இருக்கே, ஒரு விள்ளல் இட்லி கொடுத்தா என்ன?" என்று தட்டிலிருந்து கொடுத்ததன் விளைவாக, எங்கள் வீட்டில் யார் சாப்பிட உட்கார்ந்தாலும் பூந்தி குரைத்தது. அந்த இட்லியை, பூந்தி அதன் மூலையில் அமைதியாகப் படுத்திருக்கும்போது அதன் தட்டில் வைக்குமாறு கேட்டுக்கொண்டோம். விள்ளல் அதேதான், மூன்று வாரத்தில் குரைப்பு நின்றது.

ஒலிகளும் மனிதர்களும்

மூன்றாவது வாரம் முதல் சுமார் 14ஆவது வாரம் வரை குட்டி எதைப் பயமின்றிச் சந்திக்கிறதோ, அதை வாழ்நாள் முழுவதும் இயல்பாக ஏற்கும். சிக்கல் என்னவென்றால், தடுப்பூசிகள் 16ஆவது வாரத்தை ஒட்டித்தான் முடிகின்றன. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கிக் குட்டிகளைக் கொல்லக்கூடிய, மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும் பார்வோ வைரஸுக்குப் பயந்து அதுவரை வீட்டிற்குள்ளேயே அடைத்துவிட்டால், அந்தக் காலம் கடந்துவிடும். ஆகவே தரையில் விடாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். ஆட்டோ ஹாரன், கோயில் மேளம், குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர், தண்ணீர் கேன் போடுபவர் என ஒவ்வொன்றையும் தொலைவிலிருந்து காட்டி, காட்டும்போதே தின்னக் கொடுங்கள். குக்கர் விசிலுக்கும் மிக்ஸிக்கும் இதே முறைதான். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே, பட்டாசு ஒலிப்பதிவைக் காதில் விழுந்தும் விழாததுமாக வைத்து, அதன் சாப்பாட்டு நேரத்தில் ஒலிக்கவிடலாம்.

கயிறும் தெருவும்

கழுத்துப்பட்டையை முதலில் வீட்டிற்குள் சில நாள் அணியவிடுங்கள். தெருவில் அது இழுத்தால் மரம்போல் நின்றுவிடுங்கள்; கயிறு தளர்ந்தபின் நடங்கள். முதல் நாள் எங்கள் தெருமுனைக்குப் போய்ச்சேர 40 நிமிடம் ஆனது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சென்னை வெயிலில் காலை ஏழு மணிக்கு மேல் தார்ச்சாலை வேண்டாம். புறங்கையைச் சாலையில் 5 விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது. வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் போடப்படும். அந்தச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள், மாநகராட்சியின் நாய் வளர்ப்பு உரிமத்திற்கு அது தேவைப்படும்.

எட்டு, ஒன்பது மாதத்தில் எல்லாம் கைகூடியது என்று நீங்கள் நிம்மதியடையும் நேரத்தில், "வா" என்றால் எங்கோ பார்க்கும், பொம்மை இருக்கச் செருப்பைத் தின்னும். வளரிளம் பருவம், படித்தது மறந்துவிடவில்லை. அப்போது குரலை உயர்த்தாமல், மாலையில் மொட்டை மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, பத்து மீட்டர் நைலான் கயிற்றைக் கட்டி, இரண்டடித் தொலைவிலிருந்து "வா" என்று மீண்டும் முதலிலிருந்து தொடங்குங்கள்.