சோதித்தறிவதில் நாம் சறுக்கும் இடங்கள்

சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து வேளை வந்ததும் சிலர் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவார்கள். கேட்டால், "மனசு சரியில்லை, அடுத்த தடவை எடுத்துக்கொள்கிறேன்" என்பார்கள். பயபக்திதான், சந்தேகமில்லை. ஆனால் அப்போஸ்தலன் பவுல் எழுதியதை நிதானமாக வாசியுங்கள்: "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" (1 கொரிந்தியர் 11:28). சோதித்தறிந்துவிட்டு விலகிப் போகச் சொல்லவில்லை, புசிக்கச் சொல்கிறார். கொரிந்து சபையில் நடந்த தவறும் வேறு. சிலர் முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடித்து வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆக, அங்கே ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்த கேள்வி, பக்கத்தில் இருப்பவனை எப்படி நடத்தினேன் என்பது. நாமோ சொந்தச் சகோதரனோடு பேச்சை நிறுத்திவிட்டு, இரண்டு நாள் வேதம் வாசிக்காததை நினைத்துக் கலங்கிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த சறுக்கல், இந்தச் சோதனையைத் தனியாளாகச் செய்துவிடலாம் என்று நம்புவது. "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்றுதான் 139-ம் சங்கீதம் முடியும் இடத்தில் கேட்கிறது. தன்னைத் தானே விசாரிப்பவன் ஒன்று தனக்கே வக்கீலாகிவிடுவான், இல்லையென்றால் தனக்கே தண்டனை எழுதிவிடுவான். தாவீது ராஜாவைப் பாருங்கள். இன்னொருவன் மனைவியான பத்சேபாளைச் சேர்ந்து, அவள் கணவனையும் கொல்லவைத்து, அவளுக்குப் பிள்ளை பிறந்தபின்பும் அவனுக்கு உறுத்தியதாகத் தெரியவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொல்லக் கேட்டு, யாரோ ஒருவன்மேல் கொதித்துப்போனான். "நீயே அந்த மனுஷன்" என்று இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பரிசுத்த ஆவியானவர் உணர்த்தும்போது விரல் ஒரு குறிப்பிட்ட இடத்தில் படும்: அந்தப் பொய், அந்தக் கணக்கு, அவளிடம் பேசிய அந்த வார்த்தை. "நீ எதற்கும் லாயக்கில்லை" என்ற பொத்தாம்பொதுவான குரலில் மனந்திரும்ப எதுவும் இல்லை. அதைக் கேட்டுக் கேட்டுச் சோர்ந்துபோவதைத் தாழ்மை என்று நானே பல வருடம் நினைத்திருந்தேன்.

கண்ணீரை வைத்து அளப்பதும் ஏமாற்றும். எபிரெயத்தில் மனந்திரும்புதலைக் குறிக்கும் 'ஷூப்' என்ற சொல்லுக்குத் திரும்பி வருதல் என்றே பொருள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் மனஸ்தாபப்பட்டான், "பாவஞ்செய்தேன்" என்றான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். எல்லாம் செய்தும், போனது ஆசாரியரிடம், இயேசுவிடம் போகவில்லை. தேவன் சொன்னதை மீறிய சவுல் ராஜாவும் "பாவஞ்செய்தேன்" என்றான். கூடவே, ஜனங்களுக்குப் பயந்தேன் என்று காரணம் சொன்னான். மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்றும் சாமுவேல் தீர்க்கதரிசியைக் கேட்டான். அறிக்கையோடு ஒட்டிக்கொண்டு வரும் இந்த 'ஆனால்' எங்கே வருகிறது என்று நம் ஜெபத்திலும் தேடிப் பார்க்கலாம்.

"தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்களை மன்னியும்" என்ற ஒரே வரியில் எல்லாவற்றையும் முடித்துவிடுவது வேறொரு வசதி. தெரிந்த பாவத்துக்குப் பெயர் உண்டு, பெயரைச் சொல்லலாம்.

கடைசியாக, ஈடு செய்தல். தேவனிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, மனிதரிடம் எதற்கு என்று விட்டுவிடுகிறோம். தன் குற்றத்தை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும் என்கிறது எண்ணாகமம் 5:7. வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் தருகிறேன் என்றான், அதுவும் யாரும் கேட்காமலே. அதைச் சொன்னது இயேசு அவனைப் பெயர் சொல்லி அழைத்து, அவன் வீட்டில் தங்க வந்த பிறகு என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஆனால் எல்லாவற்றையும் மேடையேறிச் சாட்சியாகச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தவர் மானம் சம்பந்தப்பட்டிருந்தால் சம்பந்தப்பட்டவரிடமும், நம்பிக்கைக்குரிய ஒரு மூத்த விசுவாசியிடமும் சொன்னால் போதும்.