ஜன்னல் கைப்பிடி உடைந்தால், கடைக்குப் போகும் முன்

ஜன்னல் கைப்பிடி வயதாகி உடைவது குறைவு. பெரும்பாலும் கதவு இறுகிப்போய், நாம் அதைப் பிடித்து மல்லுக்கட்டுவதால்தான் உடைகிறது. கைப்பிடியை மட்டும் மாற்றிவிட்டு இறுக்கத்தை அப்படியே விட்டால், புதிதும் அதே வழியில் போகும். அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, கடைக்கு ஓடாதீர்கள், கதவைத் திறந்து மூடிப் பாருங்கள் என்றுதான்.

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடற்கரைப் பக்கம். கீழ்வீடு மாமனார் கட்டியது. தேக்கில் சட்டம், கண்ணாடி பதித்த மரக் கதவுகள், உள்பக்கம் இரும்புக் கம்பி. மாடி நாங்கள் எடுத்தது. அங்கே யுபிவிசி, அதாவது கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல். என் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார், வருஷத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். சின்னச் சின்ன ரிப்பேரெல்லாம் என் கையில்தான். மர ஜன்னலைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். அதில்தான் வேலை இருக்கிறது. மற்றவை சுலபம்.

கதவு எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க, ஒரு செய்தித்தாள் துண்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விட்டுச் சுற்றிலும் நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் சிக்குகிறதோ அங்கேதான் இறுக்கம். கைப்பிடிப் பக்கத்தின் கீழ் மூலை சிக்கினால், மேல் கீல் தளர்ந்து கதவு தொங்கியிருக்கிறது என்று அர்த்தம். மேல் கீலின் ஸ்குருக்களை முறுக்கினாலே பாதி சரியாகிவிடும். ஸ்குரு பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றினால், ஓட்டையை அடைக்கும் முறையைக் கீழே சொல்கிறேன். கீலுக்கும் அதேதான். விளிம்பு முழுக்கச் சிக்கினால் வருஷா வருஷம் அடித்த பெயின்ட் தடித்துப்போயிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறக்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் சிக்குகிறது என்றால் அது மரம் ஈரம் குடித்து ஊதியது. அந்த நேரத்தில் இழைப்புளி போட வேண்டாம். சித்திரை வெயிலில் மரம் சுருங்கும்போது விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிடும். மழை முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகு, கதவின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் பெயின்ட் அடியுங்கள். வெளியே தெரியாத இடம் என்று பெயின்டர்கள் அந்த இரண்டையும் விட்டுவிடுவார்கள். தண்ணீர் அதிகம் ஏறுவதே அது வழியாகத்தான்.

கீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். கொஞ்ச நாளில் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

கதவு சரியானால், பழைய கைப்பிடியைக் கழற்றலாம். நம் ஊர் மர ஜன்னல்கள் பெரும்பாலும் வெளியே திறக்கும், கம்பி உள்ளே இருக்கும். திறந்துவைத்துக்கொண்டு கம்பி வழியாகக் கையை நீட்டி வேலை பார்த்தால் தோள்தான் வலிக்கும், ஸ்குருவும் தெருவில் விழும். கதவைச் சாத்தி, கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டுவிடுங்கள். இப்போது கைப்பிடி கம்பிக்கு நேர் பின்னால், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். நீளமான ஸ்குரு டிரைவர் இரண்டு கம்பிக்கு நடுவில் நேராகப் போகும். கட்டையான டிரைவர் என்றால் கைப்பிடித்த முஷ்டி கம்பியில் இடிக்கும். அடியில் ஜன்னல் திண்டில் ஒரு பழைய துணியை விரித்துவிடுங்கள்.

பழைய ஸ்குருக்கள் ஒற்றைக் காடி போட்டவை. காடிக்குள் பெயின்ட் அடைத்திருக்கும். உடைந்த ஆக்சா பிளேடு துண்டு ஒன்று இருந்தால் அதன் முனையால் காடியைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். தலையைச் சுற்றிக் கைப்பிடியோடு ஒட்டியிருக்கும் பெயின்டையும் கீறிவிடுங்கள். அப்புறம், காடியின் அகலத்துக்குச் சரியாக உட்காரும் டிரைவரை வைத்து, முதலில் இறுக்கும் பக்கம், அதாவது வலப்பக்கம், ஒரு மயிரிழை திருப்புங்கள். துருப் பிடித்த ஸ்குரு 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு பிடி விடும். அதற்குப் பிறகுதான் இடப்பக்கம். நேராக இடப்பக்கம் மல்லாடினால் காடி சிதைந்துவிடும். அசையவே இல்லை என்றால் டபிள்யூடி-40 என்கிற துரு இளக்கும் ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் விடுங்கள். தலை ஏற்கெனவே சிதைந்திருந்தால், தலையை மட்டும் டிரில்லில் துளைத்து எடுத்துவிட வேண்டும். கைப்பிடி கையோடு வந்துவிடும், மீதி நிற்கும் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருகி எடுக்கலாம். சுத்தியலால் தட்டுவது மட்டும் வேண்டாம். பக்கத்திலேயே கண்ணாடி இருக்கிறது.

இப்போது அளவு. பழைய கைப்பிடியின் ஒரு ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்த ஓட்டையின் நடுவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் இது இஞ்சுக் கணக்கில்தான் இருக்கும். ஆசாரிகள் 'நாலு இஞ்சு, ரெண்டு நூல்' என்பார்கள். ஒரு இஞ்சில் 8 நூல். கடைகளில் இப்போது வரும் அலமாரிக் கைப்பிடிகளோ 96, 128 மி.மீ. என்று மில்லிமீட்டர் கணக்கு. 4 இஞ்சு என்பது 101.6 மி.மீ.; 96-ஐ வாங்கிவந்தால் 5 மி.மீ.க்கு மேல் இடிக்கும். அதோடு, அலமாரிக் கைப்பிடிக்கு ஸ்குரு பின்னாலிருந்து வரும். ஜன்னல் கைப்பிடிக்கு முன்பக்கத்திலிருந்தே முறுக்க வேண்டும். பழைய கைப்பிடியைக் கையோடு எடுத்துப்போவதே நல்லது. இன்னொன்றையும் பாருங்கள். கைப்பிடிக்கும் கதவுக்கும் நடுவில் நாலு விரல் நுழைய இடம் வேண்டும், அதே நேரத்தில் அது கம்பியில் இடிக்கவும் கூடாது. எங்கள் ஜன்னலில் கதவுக்கும் கம்பிக்கும் நடுவில் இடைவெளி குறைவு. பட்டையாகப் படுத்த மாதிரி இருக்கும் கைப்பிடிகள்தான் சரிப்படும்.

எதில் வாங்குவது? கடலோரம் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு பித்தளை. கடையில் 'பித்தளை' என்று சொல்லி மூன்று விதமாகக் கொடுப்பார்கள். முழுப் பித்தளை ஒன்று, இரும்பில் பூச்சு போட்டது ஒன்று, 'ஒயிட் மெட்டல்' என்கிற துத்தநாகக் கலவையில் பூச்சு போட்டது ஒன்று. காந்தம் ஒட்டினால் இரும்பு, அதில் சந்தேகமே இல்லை. ஒயிட் மெட்டலில் காந்தம் ஒட்டாது, ஆகவே காந்தத்தை மட்டும் நம்ப முடியாது. 'அண்ணாச்சி, பின்பக்கம் கொஞ்சம் கீறிப் பார்க்கட்டுமா?' என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் சரி என்பார். கீறின இடம் உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் நிறமாகத் தெரிந்தால் ஒயிட் மெட்டல். ஒயிட் மெட்டல் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வளையாது. கழுத்துப் பகுதியில் பட்டென்று முறியும். எங்கள் வீட்டில் முறிந்தவை எல்லாம் அந்த ரகம்தான்.

எவர்சில்வரும் நல்லதே. 304 ரகம் என்று சொல்லிக் கேளுங்கள். விலை குறைந்த 202 ரகமும் கிட்டத்தட்ட காந்தத்தில் ஒட்டாது என்பதால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, கடைக்காரரின் வார்த்தைதான். 304-லும் உப்புக் காற்றில் டீக்கறை போலப் புள்ளி விழும். துடைத்தால் போய்விடும்.

ஸ்குருவும் கைப்பிடியும் ஒரே உலோகமாக இருக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பித்தளைக் கைப்பிடியை இரும்பு ஸ்குருவால் பொருத்தினால், இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் உப்பு ஈரம் பட்டதும் இரும்பு வேகமாக அரிக்கப்படும். கைப்பிடி புதிதாகப் பளபளக்கும், அதைத் தாங்கும் ஸ்குரு உள்ளே மாவாகியிருக்கும். ஒருநாள் இழுக்கும்போது கையோடு வந்துவிடும். கைப்பிடியோடு பொட்டலத்தில் தரும் ஸ்குருக்களையும் காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு, இரும்பென்றால் ஒதுக்கிவிட்டுப் பித்தளை ஸ்குரு தனியாக வாங்குங்கள். தடிமனில் 8-ஆம் நம்பர், 1 இஞ்சு நீளம் வழக்கமான கதவுக்குச் சரியாக இருக்கும். கைப்பிடியின் ஓட்டையில் போட்டுப் பார்த்து, தலை உள்ளே நன்றாக அமர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கதவுச் சட்டத்தின் கனத்தை அளந்து, ஸ்குரு மறுபக்கம் எட்டிப் பார்க்காத நீளத்தில் வாங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பிடியைப் பொருத்த அவசரப்படாதீர்கள். முதலில் பழைய ஓட்டைகளை அடைக்க வேண்டும். புது ஸ்குருவைப் பழைய ஓட்டையிலேயே முறுக்கினால் அன்றைக்குப் பிடிக்கும், மாதக் கணக்கில் இழுத்த பிறகு தளரும். கொஞ்சம் தடியான ஸ்குருவாகப் போட்டால் போதும் என்பார்கள் சிலர். கைப்பிடியின் ஓட்டையில் அது முழுசாக உட்காராது, தலை வெளியே நின்று கையைக் கீறும்.

அடைப்பதற்கு மூங்கில் குச்சியோ தேக்குச் சிராயோ எடுத்து, கத்தியால் மெல்லியதாகச் சீவிக்கொள்ளுங்கள். ஓட்டைக்குள் இருக்கும் துருத்தூளை ஊதி, குச்சியால் கிண்டி வெளியே எடுங்கள். ஃபெவிகால் விட்டு, சீவிய குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகி, இனி உள்ளே போகாது என்கிற வரை கையால் அழுத்துங்கள். மழைச் சாரல் படும் ஜன்னல் என்றால் சாதாரண ஃபெவிகாலுக்குப் பதில் ஃபெவிகால் மரைன் வாங்குங்கள், தண்ணீரைத் தாங்கும். வழிந்த பசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும். காலையில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பிளேடால் மட்டமாக அறுத்து, உப்புத்தாள் போடுங்கள். மரம் உளுத்துப்போய் விரலால் அழுத்தினாலே அமுங்குகிறது என்றால் குச்சி நிற்காது. உளுத்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு அரால்டைட் என்கிற கெட்டிப் பசையின் இரண்டு குழாயையும் சம அளவு கலந்து நிரப்புங்கள், அல்லது கைப்பிடியை நல்ல மரம் இருக்கும் இடத்துக்கு மேலேயோ கீழேயோ நகர்த்திவிடுங்கள்.

நகர்த்துவதும் கெட்ட யோசனை இல்லை. எங்கள் மாமியாருக்குத் தோள் வலி. கையைத் தூக்க முடியாது. அவர் அறை ஜன்னலின் கைப்பிடியை அவர் முழங்கை உயரத்துக்கு இறக்கி வைத்தேன். இப்போது யாரையும் கூப்பிடாமல் அவரே சாத்திக்கொள்கிறார். எங்கே வைத்தாலும் கதவுச் சட்டத்தின் நடுவில் வையுங்கள். கண்ணாடிப் பக்கம் ஒதுங்கினால் ஸ்குரு முனை கண்ணாடி உட்காரும் பள்ளத்தில் இறங்கி, கண்ணாடியைக் கீறிவிடும்.

கைப்பிடியை இடத்தில் பிடித்து, பென்சிலால் ஓட்டைகளைக் குறியுங்கள். ஆணி முனையால் நடுவில் ஒரு புள்ளி குத்துங்கள், டிரில் வழுக்காது. 8-ஆம் நம்பர் ஸ்குருவுக்குத் தேக்கில் 3 மி.மீ. பிட் சரி. பிட்டில் ஸ்குரு நீளத்துக்கு ஒரு இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் ஆழம் தாண்டாது.

பித்தளை மென்மையானது. கெட்டித் தேக்கில் நேராக முறுக்கினால் தலை முறிந்து, தண்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால் அதே நம்பரில், அதே நீளத்தில் ஒரு இரும்பு ஸ்குருவை முதலில் உள்ளே ஓட்டி, மரத்தில் மரை வெட்டிவிட்டுத் திருப்பி எடுத்துவிடுங்கள். அந்தத் தடத்தில் பித்தளை ஸ்குரு நோகாமல் இறங்கும். மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். சோப்பு தேய்ப்பவர்களும் உண்டு. சோப்பு ஈரத்தை இழுக்கும், மெழுகு இழுக்காது. முறுக்குவதைக் கையாலேயே செய்யுங்கள், மெஷின் வேண்டாம். எல்லா ஸ்குருவையும் முக்கால்வாசி இறக்கி, கைப்பிடி நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக இறுக்குங்கள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். பச்சைக் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்க்கலாம், ஆனால் புளியைச் சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும். கடையிலிருந்து வந்த புதுப் பித்தளையில் வார்னிஷ் பூச்சு இருந்தால் அது தேயும் வரை புளி பக்கம் போக வேண்டாம்.

மாடியில் இருக்கும் யுபிவிசி ஜன்னலுக்கு வருகிறேன். கைப்பிடியைப் படுக்கை வாட்டமாக, திறந்த நிலைக்குத் திருப்புங்கள். அடியில் இருக்கும் மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பினால் மேலும் கீழும் இரண்டு ஸ்குரு தெரியும். அவற்றைக் கழற்றினால் கைப்பிடி ஒரு சதுரக் கம்பியோடு வெளியே வரும். பெரும்பாலானவற்றில் இரண்டு ஸ்குருவுக்கும் நடுவே 43 மி.மீ., சதுரக் கம்பி 7 மி.மீ. இருக்கும். வீட்டுக்கு வீடு மாறுவது கம்பியின் நீளம்தான். கைப்பிடியின் அடித்தட்டிலிருந்து கம்பி முனைவரை அளந்து வாங்குங்கள். நீளமாகிவிட்டால் ஆக்சா பிளேடால் அறுத்துக்கொள்ளலாம், குட்டையானால் உள்ளே பிடிக்காமல் வழுக்கும்.

புதிதை மாட்டும் முன், அந்தச் சதுர ஓட்டையில் பழைய கைப்பிடியையோ அதன் கம்பியையோ விட்டு, கதவு திறந்திருக்கும்போது திருப்பிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் பூட்டு நன்றாக இருக்கிறது. திறந்திருக்கும்போதே இறுகினால் உள்ளே இருக்கும் பூட்டுப் பெட்டி போய்விட்டது, அதற்கு ஜன்னல் போட்டவரைத்தான் கூப்பிட வேண்டும். திறந்திருக்கும்போது லேசாகவும் மூடும்போது மட்டும் கனமாகவும் இருந்தால் கதவு தொங்கியிருக்கிறது. சின்னக் குழந்தைகள் இருக்கும் மாடி வீட்டில், கம்பி இல்லாத ஜன்னலுக்குச் சாவி வைத்த கைப்பிடியாகவே வாங்குங்கள். சாவியைப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த, குழந்தைக்கு எட்டாத ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள்.

அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலில் பெரும்பாலும் இரண்டு ஸ்குருதான். பழைய கைப்பிடிப் பூட்டைக் கையோடு எடுத்துப்போய் அதே மாதிரி வாங்கினால் பத்து நிமிஷ வேலை. ஸ்குருவுக்குப் பதில் ரிவெட் அடித்திருந்தால் அதன் தலையைத் துளைத்தெடுத்துவிட்டு எவர்சில்வர் ஸ்குரு போடுங்கள். புதிதை இறுக்கும் முன் கீழ்த் தடத்தில் சேர்ந்திருக்கும் மணலை ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வழித்தெடுங்கள். அந்த ஜன்னல் இறுகுவதற்குப் பெரும்பாலும் அந்த மணல்தான் காரணம்.