சிறு நிறுவன நெட்வொர்க்: நாமே திறந்துவிட்டு மறந்த கதவுகள்

"எங்களிடம் திருட என்ன இருக்கிறது?" என்று சிறு தொழில் நடத்தும் பலர் கேட்கிறார்கள். முதல் தவறே இந்த எண்ணம்தான். ஊடுருவுகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் பெயரைப் பார்த்து வருவதில்லை. இணைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. எது திறந்திருக்கிறதோ அதற்குள் நுழைவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அப்புறம்தான் பார்ப்பார்கள்.

அந்தக் கதவுகளில் பலவற்றை வசதிக்காக நாமே திறந்திருப்போம். வீட்டிலிருந்தே அலுவலகக் கணினியில் வேலை பார்க்க வேண்டும் என்று ரிமோட் டெஸ்க்டாப் என்ற வசதியை இயக்கி, ரவுட்டரில் அதற்கான 3389 என்ற போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வாசலை, திறந்து வைப்பதுதான் இதில் மிக ஆபத்தானது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் தேடித் திரியும் வழி அது. போர்ட் எண்ணை மாற்றினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். எல்லா எண்ணையும் தட்டிப் பார்க்கும் நிரலுக்கு அது ஒரு தடையே இல்லை. தயவுசெய்து இன்றைக்கே உங்கள் ரவுட்டர் அமைப்பைத் திறந்து பாருங்கள். வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும் என்றால் விபிஎன் (இணையத்தில் மறையாக்கம் செய்த தனி வழி) வழியாக வாருங்கள். அதற்கும் பாஸ்வேர்டோடு, கைபேசியில் வரும் குறியீடு போன்ற இரண்டாவது சரிபார்ப்பு ஒன்று இருக்கட்டும்.

சரி, விபிஎன் போட்டாகிவிட்டது, நிம்மதியாக இருக்கலாமா? 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தை ரான்சம்வேரால் தாக்கியவர்கள், பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கின் பாஸ்வேர்டை வைத்தே நுழைந்தார்கள். அதற்கு இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. எரிபொருள் குழாய்ப் பாதை சில நாட்கள் முடங்கியது. சுமார் 44 லட்சம் டாலர் பிணைத்தொகையும் கட்ட வேண்டி வந்தது. வேலையை விட்டுப் போகிறவரிடம் சாவியை வாங்கிக்கொள்ளும் நாம், அவருடைய மின்னஞ்சலையும் விபிஎன் கணக்கையும் அன்றே மூடுவதில்லை. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் ஒருவருக்கு மட்டும் மூடவும் வழியில்லை. ஆளுக்கொரு கணக்கு அவசியம்.

ரவுட்டர், கேமரா ஆகியவற்றோடு வந்த பாஸ்வேர்டை அப்படியே விடுவது அடுத்த தவறு. 2016-இல் மிராய் என்ற நிரல், சுமார் 60 வழக்கமான பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டுமே முயன்று லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. கேமராக்களையும் விருந்தினர் வைஃபையையும் கணக்குக் கணினி இருக்கும் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வையுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் 'கெஸ்ட்' வசதி ஏற்கெனவே இருக்கும்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவது பற்றி ஒன்றே ஒன்று. 2017 மே 12-இல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது.

பேக்கப் விஷயத்தில்தான் எனக்கு மிகவும் வருத்தம். பலரும் தவறாமல் எடுக்கிறார்கள். ஆனால் அந்த ஹார்டு டிஸ்க் எப்போதும் கணினியிலேயே செருகியிருக்கிறது. ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். ஒரு பிரதியாவது கழற்றி வேறிடத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு பழைய பில் கோப்பை வேறொரு கணினியில் எடுத்துத் திறந்து பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் குறித்து வையுங்கள்.